ஏழு மாசப் பேத்தி, செம்பட்டை முடி, மீன மாச வெயில்: என்ன பூசறது?

கொழிஞ்சாம்பாறை டீச்சர் | மார்ச் 4, இரவு 9.12

வணக்கம்ங்க. சித்தூர் தாலுக்காவில் தமிழ் மீடியம் பள்ளிக்கூடத்தில் 31 வருஷம் கணக்கு நடத்திட்டு ஓய்வில் இருக்கிறவள். எத்தனையோ பிள்ளைகளுக்குச் சந்தேகம் தீர்த்த எனக்கே இப்போ ஒரு சந்தேகம்.

மகள் கிளாஸ்கோவில் இருக்கா. மருமகன் அந்த ஊர்ப் பையன். செம்பட்டை முடி, மூக்கு மேலே புள்ளி புள்ளியா இருக்கும். பேத்தி அப்படியே அப்பன் தோல். வீடியோவில் பார்த்தாலே நெத்தியில் பச்சை நரம்பு ஓடறது தெரியுது. இந்த மாசக் கடைசியில் வர்றாங்க, அப்போ அவளுக்கு ஏழு மாசம் முடிஞ்சிருக்கும். மீனம் 20 (ஏப்ரல் தொடக்கம்) நெம்மாறை வல்லங்கி வேலா, அதாவது கோயில் திருவிழா, பார்த்து, விஷுக் கணி கண்டுட்டுத்தான் திரும்பறாங்களாம். நம்ம ஊர் கொதிக்கிற நாளாப் பார்த்து டிக்கெட் போட்டிருக்காங்க.

மகள் வாட்ஸாப்பில் ஒரு பட்டியல் அனுப்பினா. கழுத்து மறைக்கிற தொப்பி வேணும், முழுக்கை சட்டை வேணும், எஸ்பிஎஃப், அதாவது வெயில் காப்பு எண், 50 இருக்கிற மினரல் சன்ஸ்க்ரீன் கிரீம் வேணும். முற்றத்தில் எண்ணெய் தேய்ச்சு வெயிலில் கிடத்தக் கூடாது. கடைசி வரியைப் படிச்சதும் எனக்குக் கோபம் வந்திருச்சு. அவளையே அப்படித்தான் வளர்த்தேன். பொறந்த மூணாம் நாள் மஞ்சள் காமாலை கண்டப்போ, காலை வெயில் காட்டுங்கன்னு பெரியவங்க சொல்லி, காட்டினேன், போச்சு.

இருந்தாலும் எனக்குத் தெரியாததும் இருக்குமில்லையா. அதனால் கேட்கிறேன். இந்த வயசுக் குழந்தைக்குக் கிரீம் பூசலாமா? காலை வெயில் நிஜமாவே வேண்டாமா? வேலாவுக்குத் தூக்கிட்டுப் போகலாமா?


பொள்ளாச்சி அப்பா | மார்ச் 4, இரவு 9.40

டீச்சர், கிரீமெல்லாம் கம்பெனிக்காரன் வேலைங்க. செக்கில் ஆட்டின தேங்காய் எண்ணெய் இருக்கையில் எதுக்கு இந்த ரசாயனம்? தேங்காய் எண்ணெய்க்கே எஸ்பிஎஃப் 8 இருக்குன்னு ஆராய்ச்சியில் வந்திருக்கு. என் பையன் அதில்தான் வளர்ந்தான், பாம்பு மாதிரி ஓடறான்.


வார்டு அக்கா | மார்ச் 4, இரவு 10.55

நான் பச்சைக் குழந்தைகள் வார்டில் வேலை பார்க்கிற நர்ஸ். டியூட்டி முடிஞ்சு இப்பத்தான் பார்த்தேன்.

டீச்சர், மகள் பட்டியல் சரி. உங்கள் கோபத்திலும் நியாயம் இல்லாமல் இல்லை. மஞ்சள் காமாலையில் இருந்தே தொடங்கறேன்.

வெயிலுக்கு மஞ்சளைக் குறைக்கிற சக்தி உண்டுங்கறது பொய்யில்லை. 1956 வாக்கில் இங்கிலாந்தில் ரோச்ஃபோர்டுங்கற ஊர் ஆஸ்பத்திரியில் வார்டு என்கிற நர்ஸ்தான், வெயிலில் கிடத்தின குழந்தைக்கு மஞ்சள் வெளுத்ததையும், துணி மூடியிருந்த இடம் மஞ்சளாவே நின்னதையும் கண்டுபிடிச்சுக் காட்டினாங்க. 1958ல் அந்த ஆஸ்பத்திரி மருத்துவர்கள் கட்டுரை வெளியிட்டாங்க. இன்னைக்கு வார்டில் எரியற நீல விளக்கு அங்கிருந்து வந்தது. (நர்ஸ் பேரே வார்டு. எங்க தொழிலுக்குப் பெருமை, அதனால் சொல்லிக்கறேன்.)

ஆனா அந்த விளக்கில் 460 முதல் 490 நானோமீட்டர் வரைக்குமான நீல ஒளி மட்டும்தான் தேவை. வெயிலில் அதோடு தோலைச் சுடற புற ஊதாவும் வெப்பமும் சேர்ந்தே வருது. எவ்வளவு பட்டதுன்னு அளக்க வழியில்லை. குழந்தை சூடாகும், நீர் வற்றும். அதனாலதான் மஞ்சளுக்கு ரத்தம் பார்த்து விளக்கு வைக்கணும், வெயிலை நம்பி வீட்டில் இருக்கக் கூடாதுன்னு சொல்றோம். உங்க மகளுக்கு லேசான மஞ்சளா இருந்திருக்கும். அது பெரும்பாலும் தானாவே இறங்கும்.

அடுத்தது வைட்டமின் டி. அதுக்காகத்தான் வெயில் காட்டறோம்னு சொல்வாங்க. தோலில் வைட்டமின் டி உண்டாக்கற புற ஊதா பி கதிர், ஆறரை ஏழு மணி வெயிலில் சொற்பம். அது நல்லா விழற நேரத்தில் குழந்தையைக் காட்டவும் முடியாது. இந்தியக் குழந்தை மருத்துவர் சங்கமே முதல் வருஷம் முழுக்க தினம் 400 யூனிட் சொட்டு மருந்து கொடுக்கச் சொல்லுது. கவனம்: நம்ம கடைகளில் ஒரு மில்லிக்கு 400 யூனிட், 800 யூனிட்னு ரெண்டு விதமா இருக்கு. பாட்டிலை மாத்தினா அளவும் மாறும். மகள் அங்கிருந்து கொண்டு வர்ற சொட்டு வேற கணக்கா இருக்கும், அதையும் இதையும் சேர்த்துக் கொடுத்துடாதீங்க.

எண்ணெய் தாராளமா தேயுங்க. திண்ணையில், நிழலில். தேய்க்கிறது வேற, வெயில் வேற. நாமதான் ரெண்டையும் சேர்த்துக் கட்டிட்டோம்.

கிரீம்: ஆறு மாசம் வரைக்கும் நிழலும் துணியும்தான், நேர் வெயிலே கூடாது. ஆறு மாசம் தாண்டினா பூசலாம். உங்க பேத்திக்கு ஏழு முடியுது, அதனால் பூசலாம். ஆனா துணி மறைக்காத இடத்துக்கு மட்டும்.

பொள்ளாச்சி அண்ணா, அந்த எஸ்பிஎஃப் 8ங்கறது ஆய்வகத்தில் எண்ணெயைக் கரைச்சு அளந்தது, தோலில் பூசிப் பார்த்தது இல்லை. தேங்காய் எண்ணெய் எனக்கும் இஷ்டம்தான், ஆனா அது குடை ஆகாது.


பொள்ளாச்சி அப்பா | மார்ச் 4, இரவு 11.08

சரிங்க சிஸ்டர். ஆனாலும் ரசாயனம் ரத்தத்தில் கலக்குதுன்னு அமெரிக்காக்காரனே சொல்லியிருக்கான்.


மருந்துக்கடை | மார்ச் 5, காலை 7.20

அண்ணா சொல்றதில் பாதி சரி. அந்த மிச்சப் பாதியில்தான் விஷயமே இருக்கு.

சன்ஸ்க்ரீன் ரெண்டு ஜாதி. ஒண்ணு ஜிங்க் ஆக்சைடு, டைட்டானியம் டையாக்சைடு போட்டது. தாதுப் பொடி, தோல் மேலேயே நிக்கும், அரிப்பும் குறைவு. இன்னொண்ணு ஆக்சிபென்சோன், ஆவோபென்சோன், ஆக்டினாக்சேட் மாதிரி கரிமப் பொருள் போட்டது. 2019லயும் 2020லயும் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் பெரியவங்க மேல் பூசிப் பார்த்தப்போ, இந்த ரெண்டாவது ஜாதி ரத்தத்தில் கலக்கறது தெரிஞ்சது. கலந்ததால் கெடுதல்னு அதில் நிரூபணமாகலை, இன்னும் சோதிக்கணும்னு சொன்னாங்க. பாதுகாப்பானதுன்னு ஏத்துக்கப் போதுமான தகவல் இருக்குன்னு 2019ல் அவங்க முன்மொழிஞ்சது ஜிங்க்கையும் டைட்டானியத்தையும் மட்டும்தான். அதனால் குழந்தைக்கு முதல் ஜாதி.

இனி கடையில் நடக்கறதைச் சொல்றேன். முன்பக்கம் "மினரல்"னு கொட்டை எழுத்தில் போட்டிருப்பான். பின்பக்கம் படிச்சா ஜிங்க்கோட எத்தில்ஹெக்சைல் மெத்தாக்சிசின்னமேட்டும் இருக்கும். அந்த நீளப் பேர்தான் ஆக்டினாக்சேட். "பேபி"ங்கற வார்த்தையை வெச்சும் முடிவு பண்ணாதீங்க. நம்ம நாட்டில் சன்ஸ்க்ரீன் அழகுப்பொருள் கணக்கில்தான் வருது, மருந்து கணக்கில் இல்லை. யானை, வாத்துப் படம் போட்டா பேபி கிரீம் ஆயிடும். டப்பாவைத் திருப்பிப் படிங்க.

நான் கொடுக்கறப்போ பார்க்கறது: ஜிங்க் அல்லது டைட்டானியம் மட்டும், வாசனை இல்லாதது, எஸ்பிஎஃப் 30 அல்லது அதுக்கு மேல், யுவிஏவுக்கும் (புற ஊதா ஏ கதிர்) காப்பு இருக்கணும். ஜப்பான் முறையில் பிஏ +++ மாதிரி கூட்டல் குறி இருக்கும், ஐரோப்பிய டப்பாவில் வட்டத்துக்குள் யுவிஏ எழுத்து இருக்கும். 30 சுமார் 97 சதவீதம் தடுக்கும், 50 சுமார் 98. அந்த ஒரு சதவீதத்துக்கு ரெட்டை விலை கொடுக்காதீங்க. ஸ்ப்ரே வேண்டாம், குழந்தை மூச்சில் போகும். கொசு மருந்து கலந்ததும் வேண்டாம், ஏன்னா சன்ஸ்க்ரீன் ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை பூசணும், கொசு மருந்தை அப்படிப் பூசக் கூடாது.

நிறைய பேர் கேட்கறது இன்னொண்ணு: டயபர் புண்ணுக்கான கிரீமிலும் ஜிங்க் ஆக்சைடு இருக்கே, அதையே முகத்தில் பூசினா? அதுக்கு எஸ்பிஎஃப் சோதிக்கலை. அவசரத்துக்குக் கூட நான் கொடுக்க மாட்டேன்.

உண்மையைச் சொன்னா, மகள் அங்கிருந்தே வாங்கிட்டு வரட்டும். என் வியாபாரம் போனாப் போகுது.


கணவாய்க்காத்து | மார்ச் 5, மதியம் 1.05

டீச்சர் கணக்கு டீச்சர்ங்கறதால் கணக்காவே சொல்றேன். (உங்ககிட்ட படிச்சவனா இருந்தாலும் இருப்பேன், சொல்ல மாட்டேன், என் மார்க் உங்களுக்கு ஞாபகம் இருக்கும்.)

கேரளப் பேரிடர் மேலாண்மை ஆணையம் தினமும் புற ஊதாக் குறியீடு போடுது. 6, 7 வந்தா மஞ்சள், 8 முதல் 10 ஆரஞ்சு, 11க்கு மேலே சிவப்பு. பாலக்காடு மாவட்டத்தில் மார்ச், ஏப்ரலில் ஆரஞ்சு அடிக்கடி வரும். வெப்பநிலை வேற, இது வேற. 2024 ஏப்ரலில் நமக்கு வெப்ப அலை எச்சரிக்கை வந்தது, அது தெர்மாமீட்டர் விஷயம். புற ஊதா பட்டா அப்போ சூடு தெரியாது, கண்ணுக்கும் தெரியாது. நெல்லியாம்பதி மேலே போனா சிலுசிலுன்னு இருக்கும், ஆனா ஆயிரம் மீட்டர் ஏறினா புற ஊதா சுமார் 10 சதவீதம் கூடும். குளிருதேன்னு தொப்பியைக் கழட்டறவங்க அங்கதான் மாட்டறாங்க.

குறியீடு 1 என்றால் தோலைச் சிவக்க வைக்கிற கதிர் ஒரு சதுர மீட்டருக்கு 0.025 வாட். குறியீடு 10ன்னா 0.25 வாட். செம்பட்டை முடிக்காரங்க மாதிரி, எப்பவும் சிவந்து ஒருநாளும் கறுக்காத தோலுக்குச் சுமார் 200 ஜூல் போதும், சிவக்கத் தொடங்கிடும். 200ஐ 0.25ஆல் வகுங்க. 800 விநாடி. பதிமூணு நிமிஷம். அதுவும் பெரியவங்க தோலுக்கு. குழந்தைத் தோல் இன்னும் மெல்லிசு. நம்ம தோல் இதைப் போல ரெண்டு மூணு மடங்கு தாங்கும். அதனாலதான் "நாங்களெல்லாம் வளரலையா"ங்கற பேச்சு இங்கே எடுபடாது.

நேரம். நம்ம ஊர் தீர்க்கரேகைக்கு ஏப்ரலில் உச்சிப்பொழுது 12 மணிக்கு இல்லை, ஏறக்குறைய 12.25க்கு. விஷு கழிஞ்சு மூணு நாலு நாளில் சூரியன் சரியா நம்ம தலைக்கு மேலே, அன்னைக்கு உச்சியில் நிழலே விழாது. உங்க நிழல் உங்களைவிடக் குட்டையா இருந்தா குழந்தை உள்ளே இருக்கட்டும். கடிகாரம் வேண்டாம், மொபைல் வேண்டாம்.

நிழல்னா எந்த நிழல்? நம்ம பக்கம் எங்கே பார்த்தாலும் தென்னை. தென்னை நிழல் சல்லடை. புளியமரம், மாமரம், ஓட்டுத் திண்ணை, இதுதான் நிழல்.

துணி. மெல்லிசு வெள்ளைப் பருத்திச் சட்டைக்கு யுபிஎஃப் (துணியோட வெயில் காப்பு எண்) ஏழுக்குள்தான் வரும், நனைஞ்சா இன்னும் குறையும். 50ன்னு போட்ட துணி ஐம்பதில் ஒரு பங்கைத்தான் விடும். தனியா வாங்கணும்னு இல்லை. துணியை ஜன்னலுக்கு நேரா பிடிச்சுப் பாருங்க, விரல் தெரிஞ்சா வேண்டாம். நெருக்கமா நெய்ததா, தொளதொளன்னு தைச்ச சட்டை, கொஞ்சம் கலர் இருந்தா நல்லது.

கடைசியா கிரீம் அளவு. எஸ்பிஎஃப் சோதனை ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 2 மில்லிகிராம் பூசித்தான் நடக்குது. 8 கிலோ குழந்தைக்கு மொத்தத் தோல் சுமார் 4000 சதுர செ.மீ. முகம், காது, பிடரி, கை கால் மேல்புறம் சேர்த்து எட்டில் ஒரு பங்கு வெச்சா 500. அதாவது ஒரு தடவைக்கு ஒரு கிராம். பொட்டு வைக்கிற மாதிரி தொட்டுத் தடவினா டப்பாவில் போட்ட 50 உங்களுக்குக் கிடைக்காது.


கொழிஞ்சாம்பாறை டீச்சர் | மார்ச் 5, மாலை 6.30

கணவாய்க்காத்து, வகுத்தல் சரி. யாருன்னு கண்டுபிடிக்கிறேன்.

வார்டு அக்கா சொன்ன நர்ஸ் கதையை மகளுக்கு அனுப்பினேன். "அப்போ நான் சொன்னது சரிதானேம்மா"ங்கறா. நான் இன்னும் பதில் போடலை.


தென்னந்தோப்பு | மார்ச் 6, காலை 10.15

அக்கா, நான் வண்டித்தாவளம் பக்கம். இங்கே எல்லாரும் ஊதா, ஜூல்னு பேசறீங்க. நான் மனசில் இருக்கறதைக் கேட்டுடறேன். வெள்ளைக்காரக் குழந்தை ஒரு மாசம் இங்கே இருந்தா கறுத்துடாதா? திரும்பிப் போறப்போ சம்பந்தி வீட்டில் என்ன சொல்வாங்க? எங்க அமுச்சி செய்யற குளியல் பொடி இருக்கு: பச்சைப் பயறு, கஸ்தூரி மஞ்சள், பூலாங்கிழங்கு, ரோஜா மொட்டு, ஆவாரம்பூ, கார்போகரிசி, கொஞ்சம் எலுமிச்சைத் தோல். தினம் தேய்ச்சா நிறம் அப்படியே இருக்கும். அரைச்சுத் தர்றேன்.


நாட்டுமருந்து | மார்ச் 6, காலை 11.02

அம்மிணி, அரைக்காதீங்க, சித்தெ நில்லுங்க!

எங்களுக்கு மூணு தலைமுறையா நாட்டு மருந்துக் கடை. பொடியை நான் குறை சொல்லலை, நானே விக்கிறேன். ஆனா கார்போகரிசி, மலையாளத்தில் கார்கோகிலரி, அதை இந்தக் குழந்தைக்குச் சேர்க்கவே கூடாது. அந்த விதையில் சொராலென்னு ஒரு பொருள் இருக்கு. தோலில் பட்டு வெயிலும் பட்டா தோல் வெயிலை இழுத்துக்கும். வெண்புள்ளிக்கு அதை வெச்சு வைத்தியம் செய்யறதே அதுக்காகத்தான்: பூசி, வெயில் காட்டி, நிறம் வர வைக்கிறது. நிறம் மாறாம இருக்கன்னு நீங்க போடறது நேர் எதிர் வேலை செய்யும். கொப்புளமும் வரலாம். எலுமிச்சைத் தோலும் அதே ஜாதிதான். எலுமிச்சை பிழிஞ்ச கையோட வெயிலில் நின்னு தழும்பு வந்தவங்களை நான் பார்த்திருக்கேன்.

பயறு மாவு மட்டும் போதும். ஏழு மாசக் குழந்தைக்கு அதுவும் நைசா சலிச்சு.


தென்னந்தோப்பு | மார்ச் 6, காலை 11.30

அய்யோ. எங்க வீட்டில் எல்லாருக்கும் அதைத்தான் தேய்க்கிறோம். நல்ல வேளை கேட்டேன். கறுக்குமான்னு கேட்டதுக்கு மட்டும் யாரும் பதில் சொல்லலை.


வெண்பிஞ்சு அப்பா | மார்ச் 6, இரவு 8.45

நான் சொல்றேன்ங்க.

எங்க ரெண்டாவது பையனுக்கு நாலு வயசு. நானும் என் மனைவியும் நல்ல கறுப்பு. அவன் பொறந்தப்போ முடி வெள்ளை, கண் இமை வெள்ளை. அல்பினிசம். உடம்பில் கருமை உண்டாக்கற மெலனின் இல்லை. அப்பா அம்மா ரெண்டு பேரும் தெரியாமலே சுமக்கிற மரபணு ரெண்டு பக்கத்திலிருந்தும் வந்தா இப்படி. ஊரில் பாண்டுன்னாங்க, குஷ்டம்னாங்க, ஒருத்தர் என் மனைவியை வேற மாதிரியும் பேசினார். அதெல்லாம் இருக்கட்டும்.

எங்களுக்குச் சன்ஸ்க்ரீன் சோறு மாதிரி. ஒருநாள் விட்டா அவன் ராத்திரி தூங்க மாட்டான். அதனால் கறுக்குமா சிவக்குமான்னு கேட்கறவங்க மேல் எனக்குக் கோபம் வராது, அலுப்புதான் வரும். தங்கச்சி, அந்தக் குழந்தைக்குப் பாதியாவது இந்த ஊர் ரத்தம், கொஞ்சம் கறுத்தா கறுக்கட்டும். வெந்து போகக் கூடாது, அதுதான் கவலை.

பழகினதில் கத்துக்கிட்டதைச் சொல்றேன் டீச்சர். காது மடல், காதுக்குப் பின்னாடி, பிடரி, பாதத்தோட மேல்பக்கம். எல்லாரும் மறக்கற நாலு இடம் இது. கழுத்தில் கட்டற பையில் குழந்தையைத் தூக்கினா கால் தொங்கும், பேண்ட் மேலே ஏறும், வெயில் நேரா பாதத்தில் விழும். பாதத்துக்குக் கிரீமைவிட மெல்லிசு சாக்ஸ் நல்லது. கைக்கும் நீளக் கைச்சட்டை மேல், ஏன்னா ஏழு மாசத்தில் கை வாயிலேயே இருக்கும், பூசறதையெல்லாம் தின்னுடும். கண்ணைச் சுத்தி பூசாதீங்க, வேர்வையில் இறங்கி எரியும், தொப்பி விளிம்பு அந்த வேலையைப் பார்க்கட்டும். விளிம்பு நாலு விரல் அகலம் வேணும், சுத்தி முழுக்க. பேஸ்பால் தொப்பி பிரயோஜனம் இல்லை.

முதல் தடவை முழங்கை மடிப்பில் கொஞ்சம் தடவி ஒருநாள் பாருங்க. சாயங்காலம் கட்டாயம் கழுவிடுங்க, நம்ம வேர்வையில் அது அடைச்சு வேர்க்குரு வரும். அது மேலே பவுடரைக் கொட்டாதீங்க. டப்பாவைக் காரில் விடாதீங்க, சூட்டில் தண்ணி வேற கிரீம் வேறயா பிரிஞ்சு வீணாயிடும்.

எனக்கு ஒரே வருத்தம், என் பையனுக்குக் கண்ணும் ஆடும், வெளிச்சம் தாங்காது. உங்க பேத்திக்கு அது இல்லை. சந்தோஷமா கொஞ்சுங்க.


வாளையார்க்காரன் | மார்ச் 7, காலை 6.50

கோயமுத்தூர் ஏர்போர்ட்டில் இருந்து கார்தானே? முன் கண்ணாடி புற ஊதாவை நல்லா தடுக்கும், பக்கக் கண்ணாடி பி கதிரைத்தான் நிறுத்தும், ஏ கதிர் உள்ளே வரும். கழட்டி மாட்டற வலைத் திரை போட்டுக்கங்க. துண்டைத் தொங்க விட்டுக் குழந்தையை முழுக்க மூடிடாதீங்க, உள்ளே காத்து இல்லாம அடுப்பாயிடும். தள்ளுவண்டிக்கும் அதே. நின்ன காரில் ரெண்டு நிமிஷம் கூடத் தனியா விடாதீங்க, இதைச் சொல்லவே வேண்டாம், ஆனாலும் சொல்றேன்.

வேலாவுக்குப் போனா வெடிக்கெட்டுக்கு (வாணவேடிக்கை) முன்னாடியே கிளம்பிடுங்க. வெயிலுக்கு இத்தனை பேர் பேசியாச்சு, காதுக்கு யாரும் பேசலை.


கொழிஞ்சாம்பாறை டீச்சர் | ஏப்ரல் 5, காலை 9.20

எல்லாருக்கும் நன்றி சொல்லிட்டு ஒரு தப்பையும் ஒப்புக்கொள்ள வந்தேன்.

பேத்தி வந்து பத்து நாள் ஆச்சு. திண்ணையில் எண்ணெய், பயறு மாவு, சாயங்காலம் ஆறு மணிக்கு மேலே முற்றம். மகளும் நானும் சண்டை போடலை. கிரீம் அவளே கொண்டு வந்தா, ஜிங்க் மட்டும். பூசினா சுண்ணாம்பு அடிச்ச சுவர் மாதிரி இருக்கு, பேத்திக்கு அது தெரியக்கூட இல்லை.

வேலா அன்னைக்கு நெம்மாறையில் சொந்தக்காரர் வீட்டு மாடியில் இருந்து பார்க்கறதுன்னு திட்டம். அங்கே நிழல், மின்விசிறி, எல்லாம் சரி. பதினொரு மணிக்கு, யானைக்கு நெற்றிப்பட்டம் கட்டறாங்க, கிட்டக் காட்டிட்டு வர்றேன்னு நான்தான் மருமகன் கழுத்துப் பையில் குழந்தையைப் போடச் சொல்லி இழுத்துட்டுப் போனேன். தொப்பி இருந்தது, சட்டை இருந்தது, முகத்தில் கிரீம் இருந்தது. ஆனா கிளம்பறதுக்கு முன்னாடி சாக்ஸைக் கழட்டிட்டேன். நான் செய்து வெச்சிருந்த வெள்ளிக் கொலுசை நாலு பேர் பார்க்கணும்னு. ஜனக் கூட்டத்தில் போய் வர இருபது நிமிஷம் ஆச்சு. 800 விநாடின்னு கணக்குப் போட்டுக் கொடுத்திருந்தாங்க, நானும் சரின்னு டிக் போட்டிருந்தேன்.

அப்போ ஒண்ணும் தெரியலை. சாயங்காலம் நாலு மணிக்கு ரெண்டு பாதமும் மேல்பக்கம் சிவப்பு, கொலுசு இருந்த இடத்தில் மட்டும் வெள்ளைக் கோடு. ரோச்ஃபோர்டுக் குழந்தை மாதிரி. மகள் ஒண்ணுமே சொல்லலை, அதுதான் தாங்க முடியலை.


வார்டு அக்கா | ஏப்ரல் 5, காலை 9.35

டீச்சர், இப்போ எப்படி இருக்கு? கொப்புளம், காய்ச்சல், பால் குடிக்காம துவண்டு கிடக்கறது, ஏதாவது இருக்கா? சிவப்பு ஒருநாள் வரைக்கும் கூடிட்டுத்தான் இறங்கும். குளிர்ந்த தண்ணியில் நனைச்ச மல் துணி வைங்க, ஐஸ் வேண்டாம், எண்ணெய் வேண்டாம், பற்பசை வேண்டவே வேண்டாம். அடிக்கடி பால் கொடுக்கச் சொல்லுங்க. ஒரு வயசுக்குள்ளே இருக்கறதால் சிவப்பு மட்டும்னாலும் ஒரு தடவை டாக்டர்கிட்டக் காட்டிடுங்க.


கொழிஞ்சாம்பாறை டீச்சர் | ஏப்ரல் 5, பகல் 12.10

நேத்தே காட்டியாச்சு. கொப்புளம் இல்லை, காய்ச்சல் இல்லை, நல்லா குடிக்கிறா. தண்ணித் துணிதான் வெச்சோம். இன்னைக்குச் சிவப்பு இறங்கி லேசா ரோஸ் கலர். விஷு வரைக்கும் கொலுசு பெட்டியில்.


வெண்பிஞ்சு அப்பா | ஏப்ரல் 5, பகல் 12.40

ஆறிடும் டீச்சர். எங்க வீட்டில் முதல் வருஷம் மூணு தடவை ஆச்சு.

ஒண்ணு கேட்கணும். சுத்தி விளிம்பு, கழுத்து மறைப்பு, தாடைக்கு நாடா, இப்படி இந்த வயசுக்குத் தொப்பி எங்கே கிடைச்சது? என் பையன் இழுத்து எறியறான்.


கொழிஞ்சாம்பாறை டீச்சர் | ஏப்ரல் 5, மாலை 5.15

கடையில் கிடைக்கலைங்க. வேலந்தாவளம் சந்தைக்குப் பக்கம் ஒரு தையல்காரர்கிட்டத் தைச்சேன். தலைச் சுற்றளவு 44 செ.மீ., விளிம்பு 7 செ.மீ., பின்னாடி 12 செ.மீ. தொங்கல், நெருக்கமா நெய்த பருத்தி, உள்பக்கம் கருநீலம். நாடா வேண்டாம், கழுத்தை இறுக்கும்னு மகள் சொன்னா. அதனால் இழுத்தாத் திறக்கிற ஒட்டுப்பட்டி வெச்சோம். உங்க பையன் தலை அளவு போடுங்க, ரெண்டு தைச்சு பஸ்ஸில் கொடுத்து விடறேன்.